ஐந்து இலையும் பாதி மாங்கொட்டையும்

மழை பிடித்தால் இரண்டு மாதம் விடாத ஒரு காட்டில், தாவி என்று ஒரு மலை அணில் இருந்தது. பெயருக்கேற்ற அணில். தரையில் கால் வைக்காமல் காட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. குழந்தைகளே, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு வீடெல்லாம் பென்சில் தேடுவீர்களே, அந்த மறதியைப்போல நூறு மடங்கு மறதி அதற்கு.

காலையில் ஒரு பலாக்கொட்டையைப் புதைக்கும். மாலைக்குள் இடம் மறந்துபோகும். அடுத்த ஆண்டு அங்கே ஒரு பலாங்கன்று நிற்பதைப் பார்த்து, இதை யார் நட்டது என்று மற்றவர்களிடம் விசாரிக்கும். அந்தக் காட்டில் பாதி மரங்கள் தாவியின் மறதியால் முளைத்தவை என்று எல்லோரும் கேலி பேசுவார்கள்.

அந்த ஆண்டு தாவிக்கு இரண்டு குட்டிகள் பிறந்தன. இன்னும் கண் திறக்காத குட்டிகள். மழைக்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது. மழை தொடங்கிவிட்டால் காயும் கிடைக்காது, கனியும் கிடைக்காது. முன்கூட்டியே சேர்த்து மரப்பொந்தில் வைத்தாலும் ஈரத்தில் பூசணம் பிடித்துவிடும். இரண்டு மாதத்துக்கு வேண்டிய கொட்டைகளைக் காய்ந்த இடம் ஒன்றில் வைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் தாய்க்கு இரை இல்லை. குட்டிகளுக்குப் பால் இல்லை.

மழைக்கு நனையாத இடம் அந்தக் காட்டில் ஒன்றே ஒன்றுதான். மலைச்சரிவில் ஒரு பெரிய பாறை. அதன் வயிற்றுக்குள் வரிசையாகப் பல பொந்துகள். ஒவ்வொரு பொந்துக்கும் ஒரு கல் கதவு. அத்தனைக்கும் காவல், சுருளன் என்ற அழுங்கு. உடம்பெல்லாம் செதில் போர்த்து, எறும்பைத் தின்று வாழும் பிராணி அழுங்கு. ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும்.

சுருளனுக்குக் கண் மங்கல்; மூக்கு மட்டும் படு கூர்மை. முன்பெல்லாம் வருகிறவரின் உடம்பு வாசனையை வைத்தே கதவைத் திறந்துவிடும். ஒருநாள் யாரோ ஒரு கெட்டிக்காரத் திருடன் முயலின் படுக்கையில் நன்றாகப் புரண்டு எழுந்து, முயல் வாசனையோடு வந்து, முயலின் கிழங்கையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டான். யார் என்று தெரியவே இல்லை. அன்றோடு சுருளன் முறையை மாற்றிவிட்டது.

தாவி முதல் முறை போனபோது சுருளன் நிதானமாக, எறும்பு ஊர்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுத்தது.

"உனக்குப் பிடித்த இலைகளைக் கொண்டுவா. ஐந்துக்குக் குறையக் கூடாது. முயல் துளசியை மட்டும் கொண்டுவந்து இது போதும் என்றது. துளசி வாசனை யாருக்குத்தான் தெரியாது? திருப்பி அனுப்பிவிட்டேன். ஐந்து இலையையும் அந்தக் கல்லில் அரைத்து ஓர் உருண்டை பிடி. உருண்டையை மட்டும் நான் வைத்துக்கொள்வேன். அடுத்த முறை வந்து அதே இலைகளை அரைத்துக் காட்டு. இரண்டும் ஒரே வாசனையாக இருந்தால் மேற்கொண்டு பேசலாம்."

"நான் என்ன இலை போட்டேன் என்று உங்களுக்கும் தெரியாதா, அண்ணே?"

"எனக்கு எதற்கு? மாவைப் பார்த்து நெல் விளைந்த வயலைச் சொல்ல முடியுமா? யாராவது என்னைக் கட்டிவைத்து உதைத்தாலும் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்காது. அதுதான் எனக்கும் நல்லது, உனக்கும் நல்லது."

இப்படிச் சொல்லிவிட்டு, தாவி அரைத்து முடிக்கும்வரை முதுகைக் காட்டிச் சுருண்டுகொண்டது. மூக்கையும் வாலுக்குள் புதைத்துக்கொண்டது.

வேலை முடிந்தது என்று தாவி கிளம்பப் பார்த்தது. முடியவில்லை. சுருளன் ஒரு காட்டு மாங்கொட்டையை எடுத்துக் கல்லில் ஓங்கித் தட்டியது. அது கோணல்மாணலாக இரண்டாக உடைந்தது. ஒரு பாதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மறு பாதியைத் தாவியிடம் நீட்டியது. இலை வாசனையும் சரியாக இருக்க வேண்டும், இந்தப் பாதியும் அந்தப் பாதியும் விளிம்போடு விளிம்பு பொருந்தவும் வேண்டும்; இரண்டும் நடந்தால்தான் கதவு திறக்கும் என்றது.

தாவிக்கு எரிச்சல் வந்தது. வைத்த இடம் மறந்துபோகிறவளிடம் போய் இன்னொரு பொருளைக் கொடுப்பார்களா என்று முணுமுணுத்தது. சுருளன் அசையவில்லை.

"இன்னொன்றும் கேட்டுக்கொள். இலையைக் கேட்டோ கொட்டையைக் கேட்டோ நான் யாரையும் உன்னிடம் அனுப்ப மாட்டேன். அனுப்ப எனக்கு ஆளும் இல்லை."

கடைசிச் சொல்லைக் கேட்டதும் தாவிக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. பாவம், தனிக்கட்டை என்று நினைத்துக்கொண்டது. பிறகு எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டது. வீடு போய்ச் சேருவதற்குள் சுருளன் சொன்னதில் முக்கால்வாசி காற்றோடு போயிருக்கும்.

பத்து நாள் பாடுபட்டுப் பலாக்கொட்டையும் புளியங்கொட்டையுமாகத் தாவி பாறையில் தன் பொந்தை நிரப்பியது. இனி வானம் பொத்துக்கொண்டு ஊற்றினாலும் கவலையில்லை என்று மூச்சு விட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஆற்றங்கரையில் கூத்தன் என்ற குரங்கு காட்டுக்கொடியில் ஓர் ஊஞ்சல் கட்டியது. காடே அங்கே திரண்டது. நான் முந்தி, நீ பிந்தி என்று ஒரே தள்ளுமுள்ளு. கூத்தன் பார்த்தது. பாறையில் நடப்பதுபோல இங்கும் நடத்துவோம், எல்லோரும் இலை கொடுங்கள், இலையைச் சரியாகச் சொல்கிறவருக்குத்தான் ஊஞ்சல் என்று அறிவித்தது.

குரங்குக்குப் பார்த்ததைச் செய்யத் தெரியும். அதைச் செய்வது எதற்கு என்று தெரியாது. உட்கார்ந்து அரைப்பதற்குக் கூத்தனுக்குச் சோம்பல். ஆகவே கொடுத்த இலைகளை அப்படியே நாரில் கோத்து, ஆளுக்கு ஒரு சரமாக, ஊஞ்சலுக்குப் பக்கத்துக் கிளையில் தொங்கவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கல்யாண வீட்டுத் தோரணம் கெட்டது போங்கள்.

தாவியும் போயிற்று. கூத்தனுக்கு எந்த இலைகளைக் கொடுப்பது என்று ஒரு நொடி யோசித்தது. இரண்டு இடத்துக்கு இரண்டு விதமாக வைத்தால் இரண்டும் மறந்துபோகும். ஊஞ்சல்தானே, இங்கே திருட என்ன இருக்கிறது? இப்படி நினைத்து, பாறைக்கு வைத்த அதே ஐந்து இலைகளைக் கொடுத்துவிட்டது. நொச்சி, நாரத்தை, வில்வம், மிளகுக்கொடி, காட்டுக் கறிவேப்பிலை. ஊரே பார்த்துவிட்ட சரம்தானே, நான் சொல்வதால் என்ன ஆகிவிடும்?

ஊஞ்சலுக்கு வந்தவர்களில் இனியன் என்ற பெருச்சாளியும் ஒன்று. பேச்சில் தேன் சொட்டும். மற்றவர்கள் ஊஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது சரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன அழகான சரங்கள். இதில் உன்னுடையது எது, தங்கச்சி?" என்று தாவியைக் கேட்டது.

தாவிக்கு உச்சி குளிர்ந்தது. "அதோ, மூன்றாவது. நொச்சியில் தொடங்குகிறதே, அதுதான்."

"நினைத்தேன். வாசனை இலையாகவே பார்த்து எடுத்திருக்கிறாய். உனக்குள்ள ரசனை யாருக்கு வரும்?" என்று இனியன் இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சரத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. தாவி சந்தோஷமாக ஊஞ்சலாடிவிட்டு வீடு திரும்பியது.

மழை பிடித்தது. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். ஓடைகள் கரை புரண்டன. வீட்டு மரப்பொந்தில் கைவசம் வைத்திருந்த கொட்டைகள் தீர்ந்தன. நான்காம் நாள், மழை சற்றுத் தணிந்தால் பாறைக்குப் போகலாம் என்று தாவி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மரத்தடியில் இனியன் நனைந்தபடி வந்து நின்றது. பெருச்சாளியால் அவ்வளவு உயரம் ஏற முடியாது. அண்ணாந்து குரல் கொடுத்தது.

"தங்கச்சி, பாறைக்குள் தண்ணீர் இறங்குகிறது. உன் பொந்துதான் பள்ளத்தில் இருக்கிறது. சுருளண்ணன் என்னை அனுப்பினார். கதவைத் திறந்து உன் கொட்டைகளை மேட்டுக்கு மாற்ற வேண்டுமாம். உன்னிடம் உள்ள பாதி மாங்கொட்டையை வாங்கி வரச் சொன்னார்."

இரண்டு மாதத்து உணவு. குட்டிகள் இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. ஒன்றும் யோசிக்காமல் உள்ளே ஓடிக் கொட்டையைத் தேடியது.

எங்கே வைத்தோம்? பொந்தின் மேல் இடுக்கில் பார்த்தது. இல்லை. பட்டைக்கு அடியில் பார்த்தது. ஒரு பழைய புளியங்கொட்டைதான் இருந்தது. கீழே இனியன் சீக்கிரம், சீக்கிரம் என்று அவசரப்படுத்திக்கொண்டே இருந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, பாதிக் கொட்டைகள் இந்நேரம் ஊறியிருக்கும் என்றது. தாவி பதறிப்போய்ப் படுக்கை இலைகளை வாரி இறைத்தது. கடைசியில் குட்டிகளைத் தூக்கிப் பார்த்தால், அவற்றுக்கு அடியில் கிடந்தது பாதி மாங்கொட்டை.

அதை வாயில் கவ்விக்கொண்டு கிளைக்கு ஓடியது. கீழே இனியன் இரண்டு முன்கால்களையும் ஏந்திக்கொண்டு நின்றது.

"அப்படியே போடு, தங்கச்சி. நான் பிடித்துக்கொள்கிறேன். நீ மழையில் வர வேண்டாம். குட்டிகளைப் பார்த்துக்கொள்."

இந்தா என்று சொல்லத்தான் தாவி வாயைத் திறக்கப் போனது. வாயில் கொட்டை இருந்ததால் சொல்ல முடியவில்லை. பேசிக்கொண்டே இருப்பவர்களுக்கு வாய் அடைபட்டால்தான் புத்தி வேலை செய்யும் போலிருக்கிறது. அந்த ஒரு நொடியில் சுருளன் முதுகைக் காட்டிச் சுருண்டிருந்தது கண்முன் வந்தது. பாவம், தனிக்கட்டை என்று அன்று இரக்கப்பட்டது நினைவுக்கு வந்தது. எதற்காக இரக்கப்பட்டோம்? அனுப்ப எனக்கு ஆளும் இல்லை என்றதே, அதற்காகத்தான்.

ஆள் இல்லாத சுருளனுக்கு இந்த ஆள் எங்கிருந்து வந்தது?

தாவி கொட்டையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டது. "வேண்டாம், அண்ணே. நானே கொண்டுபோகிறேன்."

"குட்டிகளை விட்டுவிட்டா? நீயும் ஒரு தாயா?" என்றது இனியன். இப்போது அதன் பேச்சில் தேன் இல்லை.

அந்தச் சொல் தாவியைச் சுட்டது. ஒருவேளை இனியன் சொல்வது உண்மையாக இருந்து, தான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் ஊறிப்போய்விட்டால்? ஆனால் கொட்டையைக் கீழே போட்டுவிட்டால் அது போனது போனதுதான். தாவி குட்டிகளை இலையால் மூடி, பொந்து வாயையும் இலையால் அடைத்துவிட்டுப் பாய்ந்தது.

வழக்கமாகப் போகும் கிளைகள் வழுக்கின. இதுவரை போகாத வழியாக, பெரிய மரங்களாகப் பார்த்துத் தாவியது. ஏழு மரங்கள். ஏழிலும் ஒவ்வொரு கணமும் உயிர் கையில் இல்லை. கீழே இனியன் ஓடையைச் சுற்றிக்கொண்டு ஓடியது. பெருகிய தண்ணீரில் அதற்குத் தன் மூக்கு முனைகூடத் தெரிந்திருக்காது. தாவி எந்த மரத்திலிருந்து எந்த மரத்துக்குப் போனது என்பதை மழையைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

பாறை வாசலில் குதித்தபோது தாவிக்கு முதலில் தெரிந்தது தரைதான். காய்ந்த தரை. ஒரு சொட்டு ஈரம் இல்லை. சுருளன் ஓர் ஓரத்தில் எறும்பு மென்றுகொண்டிருந்தது.

"அண்ணே, நீங்கள் இனியனை அனுப்பினீர்களா?"

"எனக்கு யார் இருக்கிறார்கள் அனுப்ப?" என்றது சுருளன். பிறகு மோந்து பார்த்துவிட்டு, "தாவியா? நேற்றுதானே வந்து போனாய்?" என்று கேட்டது.

"நேற்றா? நான் வரவில்லையே."

சுருளன் மெல்லுவதை நிறுத்தியது. முந்தின நாள் யாரோ உடம்பு வாசனையே தெரியாதபடி சேறு அப்பிக்கொண்டு வந்ததாகவும், மழையில் தொண்டை கட்டிவிட்டது என்று கீச்சுக்குரலில் பேசியதாகவும், இலை வாசனை இம்மி பிசகாமல் இருந்ததாகவும் சொன்னது.

"கொட்டை எங்கே என்றேன். மறந்துவிட்டேன் என்றது. நீ மறப்பது ஊர் அறிந்ததுதானே. பாவம், குட்டிக்காரி, இந்த ஒரு தடவை திறந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்."

"திறந்துவிட்டீர்களா, அண்ணே?"

சுருளனுக்கு எதிலும் அவசரம் கிடையாது. ஒட்டியிருந்த எறும்பை நாக்கால் துழாவி விழுங்கிவிட்டுத்தான் பேசியது. "கொட்டை பொருந்தாமல் எப்படித் திறப்பது? போய் எடுத்துக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டேன்."

தாவி அப்படியே உட்கார்ந்துவிட்டது. அரைக்கும் கல்லைச் சுற்றி நொச்சிக் காம்பும் நாரத்தைக் காம்பும் சிதறிக் கிடந்தன. அவற்றைப் பார்த்ததும் ஊஞ்சலும் மூன்றாவது சரமும் நினைவுக்கு வந்தன. இலையைத் திருடனுக்குக் கொடுத்தது வேறு யாரும் இல்லை, தானேதான் என்று புரிந்தது.

இருந்தாலும் கண்ணால் பார்த்தால்தான் மனம் ஆறும். பாறையோரத்துச் செடிகளில் அதே ஐந்து இலைகளைப் பறித்து அரைத்தது. சுருளன் மோந்து தலையசைத்தது. பாதிக் கொட்டையும் பாதிக் கொட்டையும் இடைவெளி இல்லாமல் பொருந்தின. கதவு நகர்ந்தது. உள்ளே பலாக்கொட்டைகள் வைத்தது வைத்தபடி, மொறமொறவென்று காய்ந்து கிடந்தன. தாவி அந்தக் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதது. அழுதுகொண்டே ஒரு கொட்டையைக் கடித்தது. பயம் போனதும் பசி வந்துவிட்டது.

அப்போது வாசலில் ஒரு கீச்சுக்குரல் கேட்டது. "நான்தான் தாவி. கொட்டை கிடைத்துவிட்டது."

உள்ளே இருந்த தாவி திகைத்துப்போய் மெல்லாமல் நின்றது. வெளியே சுருளன், வந்தவர் நீட்டிய பாதி மாங்கொட்டையை வாங்கி நிதானமாகத் தடவிப் பார்த்தது. வழியில் எங்கோ பொறுக்கிய கொட்டை.

"அப்படியா? உள்ளே ஒரு தாவி பலாக்கொட்டை தின்றுகொண்டிருக்கிறதே. நீ எத்தனையாவது தாவி?" என்றது சுருளன்.

தாவி கன்னம் உப்பிய முகத்தை வெளியே நீட்டியது. சேறு சொட்டச் சொட்ட நின்ற இனியன் அதைப் பார்த்தது; சுருளனைப் பார்த்தது. மழைக்கு ஒதுங்க வந்தேன் என்று சொல்லிவிட்டு, கொட்டும் மழையிலேயே இறங்கி ஓடியது. அதன்பிறகு அந்தப் பக்கம் அதைக் கண்டவர்கள் இல்லை. முயலின் கிழங்கை யார் தூக்கினார்கள் என்று முயலுக்கு அன்றுதான் ஒரு சந்தேகம் வந்தது.

"இந்த இலைகளை இன்றே மாற்று" என்றது சுருளன்.

"மாற்றலாம், அண்ணே. ஊஞ்சலுக்கு வேறு, இங்கே வேறு வைக்க வேண்டுமே. எனக்கு எப்படி நினைவிருக்கும்?"

"மற்ற இடத்து இலைகளைக் காயவைத்து, தனித்தனிக் கட்டாகக் கட்டி இங்கே உன் பொந்துக்குள் வை. வேண்டும்போது வந்து பார்த்துக்கொள். இந்தக் கதவின் இலைகள் மட்டும் உன் மனத்தில் இருந்தால் போதும். ஆயுசுக்கும் மறக்காத ஒன்று உனக்கு இல்லாமலா போகும்?"

தாவி யோசித்தது. அதிக நேரம் யோசிக்கவில்லை. சுருளன் முதுகைக் காட்டிச் சுருண்டுகொண்டது. தாவி வெளியே போய், வந்த வழியிலேயே ஏழு மரங்களிலும் மரத்துக்கு ஓர் இலை பறித்துவந்து அரைத்தது. பழைய உருண்டை ஆற்றோடு போனது. ஓர் அள்ளு கொட்டையோடு வீடு திரும்பியபோது குட்டிகள் இரண்டும் மூடிய இலைக்குள் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

மழை விட்டதும் தாவி கூத்தனிடம் போய் நடந்ததைச் சொன்னது. தோரணம் இறங்கியது. அரைத்து அரைத்துக் கை வலிக்கிறது என்று குரங்கு ஒரு வாரம் புலம்பியது, ஆனாலும் அரைத்தது.

தாவி இன்றும் கொட்டை புதைத்த இடத்தை மறக்கிறது. காட்டில் இன்றும் புதிது புதிதாகப் பலாங்கன்றுகள் முளைக்கின்றன. அந்த ஏழு மரங்களை மட்டும் அது மறக்கவே இல்லை. எந்த ஏழு மரங்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், குழந்தைகளே. நானும் கேட்டுப் பார்த்தேன். அது சொல்லவில்லை.

நீதி: ஒவ்வொரு கதவுக்கும் வேறு வேறு கடவுச்சொல் வை, அவசரப்படுத்திக் கேட்பவர் யாராக இருந்தாலும் அதைக் கொடுக்காதே.